கழுத்துச் சுருக்கமும் திருமணிப் பாடமும்

கழுத்துத் தோலை இறுக்கும் அழகு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம், செங்கல்பட்டை அடுத்த திருமணி. 1924இல் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955இல் மத்திய அரசின் கைக்கு வந்து, இன்று தொழுநோய்க்கான மத்திய ஆராய்ச்சி நிலையமாக இயங்கும் வளாகம் அது. 1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனுடன் அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியின் வலு அவரைத் திகைக்க வைத்தது. செயலற்றுப் போனதாக நினைத்த கையில் நல்ல தசை மிச்சமிருந்தது. அதிலிருந்து வளர்ந்த சீரமைப்பு அறுவை சிகிச்சை கையோடு நிற்கவில்லை. நோய் குணமாகி ஊர் திரும்பியவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. புருவம் உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கிருமி முகத்தோலில் பரவித் தடிக்கவைக்கும். மருந்தில் அந்தத் தடிப்பு வற்றியதும் தோல் தொய்ந்து தொங்கும். முப்பது வயதுக்காரருக்கு முதியவரின் முகம் வந்துவிடும். உபரித் தோலைக் காதோரம் வெட்டி, இழுத்துத் தைக்கும் முறை இவர்களுக்கும் பயன்பட்டது. இன்று அழகுக்காகச் செய்வதும் அடிப்படையில் அதே முறைதான்.

ஆகவே தோற்றத்தைத் திருத்திக்கொள்ள நினைப்பதே வீண் ஆடம்பரம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தொழுநோயாளியின் துயரத்தையும் ஐம்பது வயதுக் கழுத்துச் சுருக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கக் கூடாது. தேவை வேறு, வலி வேறு. நான் ஒப்பிடுவது சிகிச்சை செய்பவர்களின் நிதானத்தை. தொழுநோயில் சீரமைப்பு அறுவைக்கு நிபந்தனைகள் உண்டு: மருந்து போதிய காலம் சாப்பிட்டிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதமாவது நோயின் எதிர்வினை தலைகாட்டாமல் இருக்க வேண்டும். யாருக்குச் செய்யலாம், எப்போது செய்யலாம் என்பதை உடம்பின் நிலை தீர்மானிக்கிறது. கேட்டவருக்கெல்லாம் கத்தி எடுப்பதில்லை. அவ்வளவு துயரப்பட்டவர்களையே காத்திருக்க வைத்த ஒழுங்கு, எந்த நோயும் இல்லாதவர் உடம்பில் கத்தி வைக்கும்போது இன்னும் கடுமையாக இருக்க வேண்டாமா?

அந்த ஒழுங்கில் முதல் கேள்வி, கழுத்தில் உண்மையில் என்ன குறை என்பது. தாடைக்குக் கீழே தோலை ஒட்டி பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை விரிந்திருக்கிறது. வயதாக ஆக அதன் இரு ஓரங்களும் விலகி, முன்கழுத்தில் இரண்டு நாண்களைப் போலத் தெரியும். இதை மோவாய்க்கு அடியில் சிறிதாக வெட்டித் தைத்துச் சேர்க்கலாம். இளம் வயதில், தோல் இன்னும் சுருங்கும் தன்மையோடு இருந்து கொழுப்பு மட்டும் சேர்ந்திருந்தால், கொழுப்பை உறிஞ்சி எடுத்தாலே போதும். தோல் தொங்கினால்தான் காதைச் சுற்றி வெட்ட வேண்டிவரும். ஆனால் நம் ஊரில் ‘கழுத்து நன்றாக இல்லை’ என்று வருந்துபவர்களில் பலருக்குத் தொந்தரவே வேறு. பிடரியில் வெல்வெட்டைப் போல கறுத்துத் தடித்த தோலை அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அவர்கள் போக வேண்டியது சர்க்கரைப் பரிசோதனைக்கு. முன்கழுத்துப் புடைப்பு தைராய்டு வீக்கமாக இருக்கலாம். குறுக்கே ஓடும் வரிகளோ இந்த அறுவையில் பெரிதாக மறைவதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பிகள் தெய்வ உருவங்களின் கழுத்தில் அதே மூன்று வரிகளை அழகின் இலக்கணமாகச் செதுக்குகிறார்கள். அதைக் குறையாகப் பார்க்க நாம் பழகிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது ஆபத்து. அடிக்கடி நேரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, விண்ணென்று தெறித்து வலிக்கும். உடனே திறந்து ரத்தத்தை வெளியேற்றாவிட்டால் மேல்தோல் அழுகலாம். கழுத்து என்பதால் மூச்சுக்கும் இடைஞ்சல் வரலாம். ரத்தக் கொதிப்பு கட்டுப்படாதவர்களுக்கும் ஆண்களுக்கும் இது கூடுதல். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயத்துக்காகச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. புகைப்பவருக்குத் தோலின் ரத்த ஓட்டம் குறைவு, தையல் ஓரம் கறுத்துச் சாகலாம். அதனால் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். காது மடலுக்கு உணர்வு தரும் நரம்பு அறுபட்டால் மரத்துப்போகும், கீழுதட்டு நரம்பு அடிபட்டால் சிரிப்பு கோணும். நம் நிறத் தோலில் காதுக்குப் பின்னால் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் உண்டு. கடற்கரை வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்தும் போகும். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரம் ஆகும், இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, ஊசியும் நூலும் கருவிகளும்தான் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். லேசான தொய்வுக்கு அவை கொஞ்சம் உதவும், கொஞ்ச காலத்துக்கு. நன்றாகத் தொங்கும் தோலை அவற்றால் அகற்ற முடியாது. அவையும் மருத்துவர் கையில்தான் நடக்க வேண்டும். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். அழகு நிலைய உரிமத்தில் நடந்த இடம் அது என்று பிறகு தெரியவந்தது. அதனால் விளம்பரப் படங்களைப் பார்ப்பதற்கு முன், சிகிச்சை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு ஈடான பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவரா என்று கேட்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் முடியும்வரை உடனிருப்பாரா என்பதும் கேள்வி. அழகுக்காகச் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்காது. சிக்கல் வந்து மறுபடி அறுவை செய்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிரவு கழுத்து வீங்கினால் எந்த எண்ணை அழைப்பது, யார் வந்து தையலைத் திறப்பார், அதற்கான அறுவை அரங்கு அந்த நேரத்தில் திறந்திருக்குமா? இதற்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.