வாட்டில் நிற்கும் இளம் வைத்தியர்

"இவர் படிக்கிற பிள்ளை; பெரிய டொக்டர் வரட்டும், சொல்லுவம்" என்று ஆஸ்பத்திரி வாட்டில் நம்மவர் பலர் வாய்திறவாதிருப்பதுண்டு. அந்த இளம் வைத்தியர் யார் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

நமது நாட்டில் மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள் கற்று இறுதிப் பரீட்சையில் சித்தியெய்தியவரும் உடனே தனித்து வைத்தியம் செய்ய முடியாது. இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவுடன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறவேண்டும். பொது வைத்தியம், சத்திரசிகிச்சை, குழந்தை வைத்தியம், மகப்பேறு போன்ற துறைகளுள் இரண்டில், ஒவ்வொன்றிலும் ஆறு மாதம், வைத்திய நிபுணரின் கீழ் வேலை செய்கிறார். இதை நிறைவு செய்த பின்பே முழுப் பதிவு கிடைக்கும்.

வாட்டில் நோயாளியை விசாரித்து, பரிசோதித்து, குறிப்பெழுதி, நிபுணருக்கு அறிவிப்பவர் பெரும்பாலும் இவரே. இவரிடம் சொல்லாமல் விட்டது நிபுணரின் காதுக்கும் எட்டாமற் போகலாம்.

வயலில் புடையன் தீண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வைத்தியர் சிறிது இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின் சரித்துப் பார்ப்பார். உறையாதிருந்தால் விஷம் இரத்தத்தைத் தாக்கியுள்ளது என அறிவார். "மருந்தேற்றாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே" என்று சினக்க வேண்டாம். விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே தேவையறிந்தே ஏற்றுவர். கடித்த நேரத்தையும், முன்னர் கொடுத்த நாட்டு மருந்தையும் மறையாமற் சொல்லுங்கள். கிருமிநாசினி உடலிற் புகுந்திருந்தால் அதன் பெயரொட்டிய போத்தலையும் கொண்டுசெல்லுங்கள்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்று மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தமிழ் அறியாத இளம் வைத்தியர்களும் நம் பகுதிகளுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். அப்படியானால் தாதியரையோ அருகிலிருப்பவரையோ மொழிபெயர்க்கக் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டுவது ஆபத்து.

இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் நம்மில் பலர். பாவித்த மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்னர் செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பொலித்தீன் பையில் இட்டு அடையாள அட்டையுடன் வைத்திருங்கள். இளம் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுக்கு அதுவே விடை. அவர் கற்பது நம்மிடமிருந்துந்தான். நாம் தெளிவாகச் சொன்னால் நமக்கும், நமக்குப் பின் அந்தக் கட்டிலில் படுப்பவருக்கும் பயன்.