அடைக்கலமும் அரிச்சுவடியும்

பசித்து வந்தவர்க்குச் சோறிடுவது நம் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. ஆயினும் இட்ட சோறு ஒரு வேளைக்கே ஆகும். கற்றுக் கொடுத்த எழுத்தோ ஆயுள் முழுவதும் உடன் வரும். இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவு மட்டுமன்றி, பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடந்தது. தெருவில் வளரும் சிறுவர்க்கும் ஆதரவிழந்த பெண்களுக்கும் செய்யத்தக்க உதவி யாது என்ற வினாவுக்கு விடை அச்சத்திரத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். சோறும் எழுத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கண்டது

நான் வலங்கைமானைச் சேர்ந்தவன். பங்குனி இரண்டாம் ஞாயிறன்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் நடக்கும் பாடைக்காவடித் திருவிழாவை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இலர். கேட்பாரற்றுக் கிடந்த பெண் குழந்தை ஒன்றை ஓர் ஏழைப் பெண் எடுத்து வந்தாள் என்றும், அம்மை கண்டு மறைந்த அக்குழந்தையே அம்மனாக விளங்குகிறாள் என்றும் ஊரார் கதை சொல்வர். அந்த அம்மனைக் கும்பிட வந்த கூட்டத்தினிடையேதான், சென்ற திருவிழாவில், பலூன் விற்ற ஒரு சிறுமியைக் கண்டேன். வயது பத்து இருக்கலாம். ஐம்பது ரூபாய்த் தாளுக்குரிய மீதியை நான் கணக்கிடுமுன் எண்ணிக் கொடுத்துவிட்டாள். ஆனால் கும்பகோணம் செல்லும் பேருந்து எது என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்தின் பெயர்ப்பலகை அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

இத்தகைய பிள்ளையின் பின்னால் பெரும்பாலும் துணையற்ற ஒரு தாய் இருப்பாள். நடவும் அறுவடையும் பெண்களுக்குக் கூலி தந்த காலம் ஒன்றிருந்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பின் அவ்வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. கணவனை இழந்தவளோ, அவனால் கைவிடப்பட்டவளோ, கையெழுத்துப் போடத் தெரியாத நிலையில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவாள்? ஆகவே பிள்ளையும் சம்பாதிக்க வேண்டியதாகிறது. தாயின் துயரும் பிள்ளையின் கல்லாமையும் ஒரே நோயின் இரு முகங்கள் எனலாம்.

சகோதரி சுப்புலட்சுமி காட்டிய வழி

இந்நோய்க்கு மருந்து கண்டவர்களுள் தலையாயவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர் பிறந்தது 1886இல், சென்னை மயிலாப்பூரில். அவருடைய தந்தையாரின் பூர்விகமோ அந்நாளைய தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். சிறுமியாக இருக்கும்போதே மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தார். கைம்பெண் மூலையில் இருக்க வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். அவருடைய தந்தையார் அதற்கு இணங்காமல் மகளைப் படிக்க வைத்தார். 1911இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

தாம் பெற்ற பேறு பிறரும் பெற வேண்டும் என்று எண்ணி, நான்கு இளம் கைம்பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவ்வில்லம் வளர்ந்து, இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குச் சென்றது. அவருடைய திட்டத்தில் மூன்று படிகள் இருந்தன. முதற்படி, அச்சமின்றித் தங்க ஓர் இடம். இரண்டாவது, பள்ளிக் கல்வி. மூன்றாவது, ஆசிரியப் பயிற்சி. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் அரசு தவித்த காலம் அது. ஊர் ஒதுக்கிய பெண்ணே ஊர்ப் பிள்ளைகளின் ஆசிரியை ஆனாள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவரே அதன் முதல் முதல்வரானார்.

அவ்வில்லத்தில் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே இடமிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வேலியைத் தாண்டியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபிலிருந்து தப்பி வந்த சிறுமியரை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்று, 1930இல் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். எந்தக் குலம் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இன்றைய வாய்ப்புகள்

எங்கள் ஊரில் 1869இல் பிறந்து, நாம் பயிலும் இக்குடந்தைக் கல்லூரியிலேயே பயின்ற சீனிவாச சாஸ்திரியார், பள்ளித் தலைமையாசிரியர் பணியை விட்டு 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கட்டாயத் தொடக்கக் கல்விக்காகக் கோகலே 1911இல் கொண்டுவந்த மசோதா தோற்றது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் நிறைவேறி, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி இதன்படி உரிமையாகும். பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லையென்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளியையே காணாத பத்து வயதுப் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் அளிக்க வேண்டும்.

ஆதரவற்ற பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அப்பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். துன்புறும் பெண்களுக்கு 181 என்ற எண் உள்ளது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களும் குழந்தைகளும் இலவச சட்ட உதவி பெறலாம். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் அமைந்தது அது. மூவலூர் நமக்கு அயலூர் அன்று. மயிலாடுதுறைக்கு அருகில்தான் உள்ளது.

நம் பங்கு

சட்டம் இருந்தும் பலூன் விற்ற சிறுமி பள்ளியில் இல்லை. காரணம் என்ன? அச்சட்டம் அவள் தாயிடம் போய்ச் சேரவில்லை. படித்தறிந்த நாம்தான் அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். அவை நன்றே. அம்முகாமிலேயே வீடு வீடாகச் சென்று, பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்து, தலைமையாசிரியரிடம் தரலாம். மாலையில் ஒரு மணி நேரம் எழுத்தறியாத் தாய்மார்க்குக் கற்பிக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதச் செய்யலாம். விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும் ஒரு தொண்டே.

இரக்கப்பட்டு ஒரு பலூன் வாங்கிவிட்டு நகர்வது எளிது. அவ்விரக்கம் திருவிழாக் கூட்டத்தோடு கலைந்துவிடும். சகோதரி சுப்புலட்சுமி நான்கு பேரோடுதான் தொடங்கினார். நம் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்பும் ஒரே ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, அப்பிள்ளை அங்கே நிலைக்கும்வரை விடாமல் உடன் நின்றால் போதும். அடுத்த ஆண்டு மலரில் எழுதுவதற்கு நமக்கு நல்ல செய்தி இருக்கும்.