வேலியின் நீளமும் வாரிசின் பங்கும்



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடத்தாளில் பரவளையம் வரைவதைக் கண்டு, "ஏலத்தோட்டத்திற்கு இது எதற்கு?" என்று போடிநாயக்கனூர்ப் பெற்றோர் கேட்பதுண்டு. நம் மார்க்கக் கடமையொன்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

மலைச்சரிவில் தந்தை விட்டுச்சென்ற நிலத்தைச் சம பங்குடைய இரு சகோதரர்கள் பிரிக்கிறார்கள். "ஆளுக்கு 40 மீட்டர் வேலி, ஆகவே பங்கும் சமம்" என்று பேசி முடித்தால் அது நீதியாகுமா? ஒருவருடைய நிலம் 10 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பரப்பு 100 சதுர மீட்டர். மற்றவருடையது 5 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். பரப்பு 75 மட்டுமே. வேலி ஒன்றே, நிலமோ ஒன்றல்ல!

அகலத்தை 7 முதல் 13 வரை ஒவ்வொரு மீட்டராகக் கூட்டிப் பாருங்கள். பரப்பு 91, 96, 99, 100, 99, 96, 91 என வரும். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 5, 3, 1, பின்பு குறை 1, குறை 3, குறை 5. அந்த வேறுபாடு ஒவ்வொரு படியிலும் சரியாக 2 குறைகிறது. முதல் வேறுபாடு மாறாதிருந்தால் வரைபடம் நேர்கோடு. இரண்டாம் வேறுபாடு மாறாதிருந்தால் அது இருபடிச் சார்பு. புள்ளிகளை இணைத்தால் மலைமுகடு போன்ற வளைவு கிடைக்கும். 10 மீட்டரில் உச்சி. இருபுறமும் சமமான இறக்கம். உச்சியிலிருந்து 1 மீட்டர் விலகினால் இழப்பு 1 சதுர மீட்டர். 2 மீட்டர் விலகினால் 4. 5 மீட்டர் விலகினால் 25.

இக்கலைக்கு 'அல்ஜீப்ரா' என்ற பெயரே, கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் நூலிலிருந்து வந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39 எனில், அவ்வெண் யாது? சதுரம் வரைந்து, 25 கூட்டி 64 ஆக்கி, பக்கம் 8 என்றறிந்து, அதில் 5 நீக்கி, 3 என விடை கண்டார் அவர். அதே நூலின் பெரும்பகுதி வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகளுக்கே உரியது.

சூரா அந்நிஸா பங்குகளை வகுத்துத் தந்துவிட்டது. தாளில் சரியாக எழுதிய பங்கு தரையில் பிழையாக அளக்கப்பட்டால், அதுவும் பிறர் ஹக்கைப் பறிப்பதே. ஆகவே ஆண், பெண் பிள்ளைகள் இருபாலரையும் கணிதம் கற்கச் செய்யுங்கள். பாகப்பிரிவினை நாளில் வேலியை எண்ணாமல் பரப்பை அளக்கச் சொல்லுங்கள்.

உரியவருக்கு உரியதை நிறைவாக வழங்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.