நடுவயதுப் பெண் ஊழியரும் பணியிடத்தின் கடமையும்

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருக்கும் நிலையை மருத்துவம் மாதவிடாய் நிறுத்தம் என்று வரையறுக்கிறது. பிரிட்டனில் இது சராசரியாக 51 வயதிலும், இந்தியப் பெண்களிடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 46 அல்லது 47 வயதளவிலும் நிகழ்கிறது. ஆயினும் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏறியும் இறங்கியும் நிலையற்றுப் போவதால், உடலின் தொல்லைகளும் அப்போதே தொடங்கிவிடுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மிகச் சிறிய வெப்ப உயர்வையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. முகமும் கழுத்தும் மார்பும் சில நிமிடங்கள் அனலாகக் கொதிப்பது இதனால்தான். இரவிலும் இது நேர்வதால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டவருக்கு மறுநாள் பெயர்களும் கணக்குகளும் நினைவிலிருந்து நழுவ, மேலதிகாரி அதைக் கவனக்குறைவு என்று குறித்துக்கொள்கிறார். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு மிகுந்து ரத்தசோகையும் உண்டாகிறது.

"அந்த வயசுக்கு அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லிவிட்டு நகரும் இத்தொல்லைகள் ஓரிரு மாதங்களில் அடங்கிவிடுவதில்லை. அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், உடல் அனலுக்கு அடிக்கடி ஆளானவர்களில் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. பணி அனுபவமும் பொறுப்பும் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் இவையே என்பதால், இதைப் பெண்ணின் சொந்த விஷயம் என்று பணியிடம் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

இதைச் சட்டத்தின் பார்வைக்குக் கொண்டுவந்ததில் பிரிட்டனின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வயது, பாலினம், உடற்குறை ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறதே தவிர, மாதவிடாய் நிறுத்தத்தைத் தனியே பாதுகாக்கவில்லை. லெஸ்டர் நகர மன்றத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவருடைய தொல்லைகள் உடற்குறை ஆகா என்று கீழ்த் தீர்ப்பாயம் கூறியதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் ஏற்கவில்லை. அன்றாடச் செயல்களைக் கணிசமாகவும் நீண்ட காலத்துக்கும் பாதிக்கும் அறிகுறிகளை உடற்குறையாகக் கருத இடமுண்டு என்றும், அவ்வாறாயின் பணிச்சூழலை நியாயமான அளவில் மாற்றித் தருவது முதலாளியின் கடமை என்றும் அந்நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024 பிப்ரவரியில் வழிகாட்டியது. ஆனால் மாதவிடாய் நிறுத்த விடுப்பைச் சோதனை முறையில் தொடங்கலாம் என்று நாடாளுமன்றக் குழு 2022இல் செய்த பரிந்துரையை அரசு அடுத்த ஆண்டே நிராகரித்துவிட்டது.

விடுப்பு பயனற்றதல்ல, எனினும் ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு நிலையைச் சில நாள் விடுப்பால் கடக்க முடியாது. அந்த ஆணையம் எடுத்துக்காட்டாகச் சொல்பவையோ அறையின் வெப்பநிலை, காற்றோட்டம், ஓய்வறை, சீருடை, பணிநேரம் போன்ற எளிய மாற்றங்கள். இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டின் சட்டம் ஒன்று, தான் அறியாமலேயே, இதே வழியில் ஓரடி வைத்திருக்கிறது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே விற்பனை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. மூட்டுவலியும் மிகுந்த உதிரப்போக்கும் உடைய 47 வயது விற்பனையாளருக்கு, ஒரு நாற்காலியும் அதில் அமரும் துணிச்சலும் மருந்துக்கு நிகரான உதவி. செயற்கை இழைச் சீருடைக்குப் பதில் பருத்தி உடை, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்வரக்கூடிய கழிப்பறை ஆகியவையும் இந்த வரிசையில் சேர வேண்டியவை. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் இடங்களில், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்தியத் தொழிலாளர் சட்டம் பெண்ணின் உடலைப் பெரும்பாலும் மகப்பேற்றின் வழியாகவே கண்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் விடுப்பு 2017இல் 26 வாரங்களாக உயர்ந்தது பெரும் முன்னேற்றம். அதே பெண் அதே பணியில் மேலும் இருபது ஆண்டுகள் கழித்து அடையும் மாற்றத்துக்கு அத்தகைய ஏற்பு இன்னும் இல்லை. தூய்மைப் பணியாளர், கட்டடத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர் ஆகியோருக்கு நிறுவனக் கொள்கை என்ற ஒன்றே கிடையாது என்பதால், இந்தக் குறையின் பாரம் அவர்கள்மீதே கூடுதலாக விழுகிறது. பணியிடத்துக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் உதிரப்போக்கையும் உறக்கத்தையும் குறித்துப் பெண் செவிலியர் ஒருவர் தனியாகக் கேட்டறிவதும், ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பதும், தேவைப்படுவோரை மகப்பேறு, மகளிர் நல மருத்துவரிடம் அனுப்புவதும் நடைமுறையாக வேண்டும்.