காணை போய்விட்டது, மாடு தேறவில்லையே!



கோமாரி என்றும், கால்வாய்க் காணை என்றும் சொல்கிற நோயை உங்களுக்கு நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாயிலே கொப்புளம், நூல் நூலாய் எச்சில், குளம்புப் பிளவிலே புண், கடுங்காய்ச்சல். பத்துப் பதினைந்து நாளில் புண் ஆறிவிடும். "காணை போயிடுச்சு" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு வருகிற தொல்லைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்தார்கள். கடன் வாங்கி வாங்கிய கலப்பின மாடு. "ஏனுங்க சார், காணை வந்து மூணு மாசம் ஆச்சு. புண்ணெல்லாம் ஆறிப்போச்சு. ஆனா வெயில் ஏறினா நாய் மாதிரி இரைக்குதுங்க. பாலும் பாதியாப் போச்சு. இது வம்சக் கோளாறுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்கள். நானும் மேலெழுந்தவாரியாக, "சீமை ரத்தம் கலந்த மாடு, வெயில் தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் தவறு. அந்த மாடு போன கோடையில் இரைக்கவில்லையே என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. சீமை இனக் கலப்பு மாடு வெயிலில் வாடுவது பிறவி வாகு. கன்றாக இருக்கும்போதே அப்படித்தான் இருக்கும். நிழலில் கட்டித் தண்ணீர் காட்டினால் அடங்கிவிடும். காணை விட்டுப்போன இரைப்பு அப்படியல்ல. முன்பு நன்றாக இருந்த மாடு, நோய்க்குப் பிறகு இரைக்க ஆரம்பிக்கும். நிழலுக்கு வந்த பிறகும் சீக்கிரம் அடங்காது. கோடையிலும் ரோமம் உதிராமல் நீண்டு, கம்பளி போலச் சொரசொரப்பாக நிற்கும். உடம்பின் சூட்டை ஒழுங்கு செய்கிற சுரப்பிகளை நோய் கெடுத்துவிடுவதால் இப்படி ஆகிறது என்று கருதுகிறார்கள். இது வம்சத்தில் இறங்குவதல்ல. ஆனால் உண்ணிக் காய்ச்சல், ரத்தசோகை போன்றவற்றாலும் மாடு இரைக்கும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

காணைக்குப் பின் கவனிக்க வேண்டிய மற்ற தொல்லைகளையும் சொல்கிறேன்.

ஒன்று, கன்று. நோய்க்கிருமி இளங்கன்றின் இதயத்தைத் தாக்கும். வாயில் ஒரு புண்கூட இல்லாமல், நின்ற கன்று திடீரென்று விழுந்து செத்துப்போகும். செய்வினை, கண்ணேறு என்று நினைத்துவிடாதீர்கள். நோயுள்ள தாயிடம் கன்றை ஊட்ட விடக் கூடாது. தனியே கட்டி, நோயில்லாத மாட்டின் பாலைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுங்கள்.

இரண்டு, மடி. காம்பில் வந்த புண் வழியாக மடிநோய் நுழையும். பால் திரிந்தாலோ, காம்பு கல்லானாலோ அன்றைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும்.

மூன்று, சினை. சினை மாடு கன்றை வீசிவிடலாம். சில மாடு மாதக்கணக்கில் பருவத்துக்கே வராது. மலடு என்று விற்றுவிடாமல், தாது உப்புக் கலவை கொடுத்து, மருத்துவரிடம் பரிசோதனை செய்யுங்கள்.

நான்கு, குளம்பு. ஈ மொய்த்துப் புழு வைத்தால் குளம்பே கழன்றுவிடும்.

புண் இருக்கும்போதே ஒழுங்காகப் பார்த்தால் இந்தத் தொல்லைகள் குறையும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் கைமருந்துக்கு வேண்டியதெல்லாம் நம்ம பேளுக்குறிச்சிச் சந்தையிலேயே கிடைக்கிறது. மிளகு, சீரகம், வெந்தயம் தலா 10 கிராம் ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலோடு பிசையுங்கள். இது ஒரு வேளைக்கு. நாக்கிலும் ஈறிலும் தடவி உள்ளே கொடுங்கள். தினம் மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாள். குளம்புக்கு, குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு, மஞ்சள் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூசுங்கள். தொழுவத்தை, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கழுவுங்கள். இது மருத்துவருக்குத் துணைதானே தவிர, மாற்று அல்ல.

இரைப்பு நிலைத்துவிட்ட மாட்டை முழுக்கக் குணமாக்குவது கடினம். காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்த்து, ரோமத்தைக் கத்தரித்து, நடுப்பகலில் நிழலும் தண்ணீரும் கொடுத்தால் ஓரளவு பால் எடுக்கலாம்.

மாடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலைச் சந்தையில் குளிர்ச்சியாக இருக்கும், இரைப்பு தெரியாது. வெயில் ஏறும் வரை பொறுத்துப் பாருங்கள். ரோமத்தைத் தடவிப் பாருங்கள். நாலு காம்பையும் நீங்களே கறந்து பாருங்கள். வாங்கிய மாட்டை நாலு வாரம் தனியே கட்டுங்கள். தேறிய மாட்டின் தொண்டையில் கிருமி மாதக்கணக்கில், சிலதில் வருஷக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும். நாட்டு மாட்டுக்கு நோய் லேசாக வந்து போகும். பக்கத்துக் கலப்பின மாட்டைப் படுக்க வைத்துவிடும்.

தடுப்பூசி போட்டுக்கொண்டால் இவ்வளவு அவதி ஏன்? கன்றுக்கு நாலாம் மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம். "ஊசி போட்டால் பால் குறையும்" என்று மாட்டை மறைத்துக் கட்டுகிறோம். குறைந்தாலும் ஓரிரு நாள்தான். அந்த அம்மாவின் மாட்டுக்குப் பால் திரும்பவே இல்லை. கடன் மட்டும் நின்றது.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், கால்நடை மருத்துவ வண்டி வரும். புண் ஆறிய பிறகும் மூன்று மாதம் மாட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்.