ஊக்கமருந்துச் சோதனை: கண்டுபிடிப்பது ஆய்வகம், தீர்ப்பளிப்பது யார்?

நைஜல் பென்னும் கிறிஸ் யூபேங்க்கும் 1990இலும் 1993இலும் மோதிய இரண்டு குத்துச்சண்டைப் போட்டிகள் பிரிட்டனில் இன்றும் பேசப்படுபவை. அவர்களுடைய மகன்கள் கோனர் பென்னும் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் 2022 அக்டோபர் 8ஆம் தேதி லண்டனில் மோதவிருந்தார்கள். போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது அந்தச் செய்தி வெளியானது. கோனர் பென் கொடுத்த மாதிரியில் குளோமிஃபீன் என்ற மருந்தின் தடயம் கண்டறியப்பட்டிருந்தது.

கருத்தரிப்பதில் சிரமம் உள்ள பெண்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து அது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் கூட்டக்கூடியது என்பதால் விளையாட்டாளர்களுக்கு அது தடைசெய்யப்பட்டுள்ளது.

செய்தி வந்த பிறகும் போட்டியை நடத்திவிடவே ஏற்பாட்டாளர்கள் முயன்றார்கள். பிரிட்டனின் அதிகாரபூர்வ ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு எடுத்த சோதனைகளில் பென் சிக்கவில்லை. சிக்கியது வேறொரு அமைப்பின் சோதனையில் என்பது அவர் தரப்பு வாதம். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி தர மறுத்தது. அக்டோபர் 6ஆம் தேதி போட்டி தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு வீரர் ஒரு சோதனையில் சிக்குகிறார், மற்றொன்றில் சிக்கவில்லை. எந்தச் சோதனையை ஏற்பது? அதை யார் முடிவு செய்வது? தொழில்முறைக் குத்துச்சண்டையில் இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை.

ஆளுக்கொரு சட்டம்

ஒலிம்பிக் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அனைத்துலகச் சம்மேளனம் உண்டு. அவை எல்லாம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவையின் விதிமுறைகளுக்குக் கட்டுப்பட்டவை. தொழில்முறைக் குத்துச்சண்டையின் நிலைமை வேறு. உலக வெற்றியாளர் பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகளே நான்கு இருக்கின்றன. போட்டிக்கு அனுமதி தருவது அது நடக்கும் நாட்டின் வாரியம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ஆணையம் உண்டு. நெவாடாவின் விதி நியூயார்க்கில் செல்லாது.

இந்த இடைவெளியை நிரப்ப 2011இல் தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார் மார்கரெட் குட்மேன். குத்துச்சண்டை மேடையருகே பணியாற்றிய மருத்துவர் அவர். போட்டி ஒப்பந்தத்தின்படி வீரர்கள் தாமாகவே இந்தச் சோதனைக்கு உட்படுகிறார்கள். சங்கத்தின் ஆள்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து மாதிரி எடுப்பார்கள். முடிவை இரு தரப்புக்கும் ஆணையத்துக்கும் தெரிவிப்பார்கள். ஆனால், தண்டிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. கோனர் பென்னின் மாதிரியில் குளோமிஃபீனைக் கண்டறிந்ததும் இந்தச் சங்கம்தான்.

இந்தச் சோதனைகள் பயன் தராமலும் இல்லை. 2019இல் ஆண்டனி ஜோஷுவாவை எதிர்த்து மோதவிருந்த ஜாரெல் மில்லர், அடுத்தடுத்த சோதனைகளில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்குச் சிக்கி வாய்ப்பை இழந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஆண்டி ருயிஸ் ஜூனியர், ஜோஷுவாவை வீழ்த்தி உலகையே வியக்கவைத்தார். ஒரே சோதனையில் ஒரே பொருளின் சிறு தடயம் கிடைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஐந்து ஆண்டு தாமதித்த போட்டி

சோதனைக்கு முன்பே சண்டை மூண்ட கதையும் உண்டு. ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பக்கியாவும் 2010 மார்ச் மாதம் மோதுவதற்கான பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒலிம்பிக் பாணியில், எந்த நாளிலும் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று மேவெதர் தரப்பு நிபந்தனை விதித்தது. நெவாடா ஆணையம் அப்போது கேட்டது சிறுநீர்ப் பரிசோதனை மட்டுமே. மனித வளர்ச்சி ஹார்மோன் போன்றவற்றைக் கண்டறிய ரத்தம் தேவைப்பட்டது என்பதால் அந்த நிபந்தனையில் அறிவியல் நியாயம் இருந்தது.

போட்டி நாளை ஒட்டி ரத்தம் எடுத்தால் உடல் சோர்ந்துவிடும் என்றார் பக்கியாவ். 24 நாளுக்கு முன்பு நிறுத்த வேண்டும் என்றது அவர் தரப்பு. 14 நாள் என்றது மேவெதர் தரப்பு. பேச்சு முறிந்தது. எந்தச் சோதனையிலும் சிக்காத தம்மீது களங்கம் சுமத்தியதாகப் பக்கியாவ் அவதூறு வழக்குத் தொடுத்தார். அது 2012இல் சமரசத்தில் முடிந்தது.

கடைசியில் 2015 மே 2ஆம் தேதி லாஸ் வேகஸில் இருவரும் மோதினார்கள். முதலில் பேச்சு நடந்தபோது மேவெதருக்கு வயது 32, பக்கியாவுக்கு 31. மேடை ஏறியபோது முறையே 38, 36. இருவரும் உச்சத்தில் இருந்த காலம் கடந்துபோயிருந்தது. நடுவர்களின் ஒருமித்த முடிவில் மேவெதர் வென்றார்.

சில மாதங்களில் இன்னொரு செய்தி வந்தது. எடை பார்த்த பிறகு மேவெதருக்கு நரம்புவழியாக 750 மில்லிலிட்டர் உப்புநீரும் வைட்டமின்களும் ஏற்றப்பட்டிருந்தன. உலக முகவையின் விதிப்படி அப்போது ஆறு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 50 மில்லிலிட்டர்தான். சோதனையை நடத்திய அமெரிக்க அமைப்பு, போட்டி முடிந்த பிறகு அதற்கு மருத்துவ விலக்கு வழங்கியது. நெவாடா ஆணையத்தின் விதியிலோ அப்படி ஏற்றுவதற்குத் தடையே இல்லை. எனவே, விதிமீறல் எதுவும் பதிவாகவில்லை. கடும் சோதனை வேண்டும் என்று கேட்டவரே இரண்டு விதிப்புத்தகங்களுக்கு நடுவே நிற்க நேர்ந்தது.

இறைச்சி, முட்டை, ஊட்டச்சத்து மாத்திரை

2018 பிப்ரவரியில் மெக்சிகோ வீரர் கானெலோ அல்வாரெஸின் மாதிரிகளில் கிளென்புட்டரால் கண்டறியப்பட்டது. மாட்டிறைச்சியிலிருந்து வந்திருக்கும் என்றார் அவர். கேட்டவுடன் சிரிப்பு வரலாம். ஆனால், கால்நடைகளைக் கொழுக்கவைக்க அந்த மருந்து மெக்சிகோவில் சட்டவிரோதமாகப் பயன்படுத்தப்படுவது உண்மை. 2011இல் அங்கு நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் சோதிக்கப்பட்ட 208 மாதிரிகளில் 109இல் இதே மருந்தின் தடயம் இருந்தது. அத்தனை சிறுவர்களும் ஏமாற்றினார்கள் என்று எவரும் சொல்லவில்லை. நெவாடா ஆணையம் அல்வாரெஸுக்கு ஆறு மாதத் தடை விதித்தது. கெனாடி கொலொவ்கினுடன் மே மாதம் நடக்கவிருந்த மறுபோட்டி செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

கோனர் பென் விவகாரத்தில் பேசப்பட்டது முட்டை. அவர் அளவுக்கு அதிகமாக முட்டை சாப்பிட்டது நியாயமான விளக்கமாக இருக்கலாம் என்று உலகக் குத்துச்சண்டை மன்றம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. கோழிகளுக்கு குளோமிஃபீன் கொடுத்தால் முட்டையிலும் அது தங்கும் என்பது ஆய்வில் தெரிந்த ஒன்றுதான். ஆனால், மன்றத்தின் முடிவு தன் நடவடிக்கையைப் பாதிக்காது என்றது பிரிட்டிஷ் வாரியம். வழக்கு நீண்டது. இடைக்காலத் தடை நீங்கியது. மேல்முறையீட்டில் திரும்பி வந்தது. இதற்கிடையே பென் அமெரிக்காவில் இரண்டு முறை மேடை ஏறிவிட்டார். 2024 நவம்பரில், விதிமீறல் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று பிரிட்டனின் தேசிய நடுவர் குழு தீர்ப்பளித்தது. யூபேங்க் ஜூனியருடனான போட்டி 2025 ஏப்ரலில்தான் நடந்தது.

ரயன் கார்சியா 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் டெவின் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளி வென்றார். போட்டிக்கு முதல் நாளும் போட்டி நாளும் எடுத்த மாதிரிகளில் ஆஸ்டரின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. ஊட்டச்சத்து மாத்திரையில் கலந்திருந்தது என்றது அவர் தரப்பு. நியூயார்க் ஆணையம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. போட்டி முடிவு செல்லாது என்று மாற்றப்பட்டது. ஆனால், ஹேனி வாங்கிய குத்துகளை எந்த ஆணையமும் திரும்பப் பெற முடியாது.

மூன்று விவகாரங்களிலும் பேசப்பட்ட விளக்கம் ஒரே வகையானது. எந்த வாசலில் அது பேசப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவு மாறியது.

லீ சோங் வெய்க்கு நடந்தது

நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014 உலகப் பூப்பந்துப் போட்டியின்போது மலேசிய வீரர் லீ சோங் வெய்யின் மாதிரியில் டெக்சாமெத்தசோன் கண்டறியப்பட்டது. அவரும் தாம் உட்கொண்ட மாத்திரைதான் காரணம் என்றார். உலகப் பூப்பந்துச் சம்மேளனம் அமைத்த ஒரே குழு விசாரித்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று 2015 ஏப்ரலில் முடிவு செய்தது. எட்டு மாதத் தடை. வெள்ளிப் பதக்கமும் பறிபோனது. தண்டனை கசந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். எந்த நாட்டுக்குச் சென்றாலும் அது செல்லும். அவரும் தடைக்காலம் முடிந்து தலைநிமிர்ந்து திரும்பினார்.

கோனர் பென்னுக்கு அப்படி ஒரு முடிவு கிடைக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் அவரை நம்பியவர்களும் நம்பாதவர்களும் தத்தம் தீர்ப்பை எழுதிவிட்டார்கள். ஒரே விதி இல்லாத இடத்தில் குற்றவாளி தப்பிக்க வழி கிடைக்கிறது. குற்றமற்றவருக்கோ தம் பெயரை முழுமையாக மீட்க வழி கிடைப்பதில்லை.

ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஊக்கமருந்து உட்கொண்டால் மற்றவர் பதக்கத்தை இழப்பார். குத்துச்சண்டையில் ஒருவரின் கூடுதல் பலம் மற்றவரின் தலையில்தான் இறங்குகிறது. இந்த விளையாட்டுக்கு ஒரே விதிமுறை மற்ற எதையும்விட அவசரமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் அதுவே.

மாணவர்கள் கவனத்திற்கு

சுக்மாவிலோ தென்கிழக்காசிய விளையாட்டுகளிலோ பங்கேற்கும் கனவு உங்களுக்கு இருந்தால், இந்த விதிகள் உங்களுக்கும் பொருந்தும். உடற்பயிற்சிக்கூட நண்பர் தரும் புரதப் பொடி, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரை, பாட்டி வாங்கித் தரும் மூலிகை மருந்து எதுவானாலும், அதில் என்ன இருக்கிறது என்பதற்கு உட்கொள்பவரே பொறுப்பு. தனி ஆய்வகத்தின் சான்று இல்லாத பொருளைத் தவிர்ப்பது நல்லது. மருந்து எடுக்க வேண்டியிருந்தால் விளையாட்டாளர் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மலேசியாவின் அடாமஸ் முகவையிடமும் சிங்கப்பூரின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம்.

தெரிந்துகொள்வோம்

ஏ மாதிரி, பி மாதிரி: ஒரே நேரத்தில் எடுத்து இரண்டு புட்டிகளில் முத்திரையிடப்படும் மாதிரி. முதலாவதில் தடயம் இருந்தால், இரண்டாவதையும் சோதிக்குமாறு வீரர் கோரலாம்.

முழுப்பொறுப்பு விதி: பொருள் எப்படி உடலுக்குள் வந்தாலும், அது இருப்பதற்கு விளையாட்டாளரே பொறுப்பு. நோக்கம் இருந்ததா என்பது தண்டனையின் அளவைத் தீர்மானிக்க உதவும்.

மருத்துவ விலக்கு: உண்மையான நோய்க்காகத் தடைசெய்யப்பட்ட மருந்து தேவைப்பட்டால் பெறவேண்டிய அனுமதி. பொதுவாக மருந்தை எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.