ஒன்பது மணித்தியாலங்கள்

"வேலைக்கும் போகிறீர், வீட்டையும் பார்க்கிறீர், பெட்டியும் இழைக்கிறீர். உமக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது?" என்று அலுவலகத்தில் ஓர் அக்கா கேட்டார். "நித்திரையில் இருந்துதான்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கவில்லை.

நான் கிளிநொச்சியில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பனையோலை இழைப்பது அம்மம்மாவிடம் பழகியது. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டு வந்த எமக்குக் கையில் மிஞ்சியது இந்தத் தொழில்தான். சம்பளம் மாத முடிவுவரை போதாததால், வண்ண ஓலையில் மூடிப்பெட்டிகள் இழைத்து விற்கத் தொடங்கினேன்.

ஒருமுறை திருமண வீடொன்றுக்கு 50 பெட்டிகள் கேட்டார்கள். மூன்று கிழமை தவணை. கணக்குப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன். இரவு இரண்டு மணிவரை இழைத்தேன். அந்நாட்களில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயொருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் என் கண் மூடிவிட்டது. "பிள்ளை, இரவு நித்திரை கொள்ளேல்லையோ?" என்று கேட்டு அந்தத் தாய் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அவர் கோபித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

பெட்டிகளையும் நான் தவணைக்குக் கொடுக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் இழைத்ததால் நிறமும் மாறியிருந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989 இல் ஒரு நூல் வெளியிட்டார். சம்பள வேலை முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது முறைவேலை காத்திருக்கிறது என்பது அதன் சாரம். படிக்கும் காலத்தில் இதைப் பற்றி எழுதிப் புள்ளி வாங்கினேன். என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. கைத்தொழிலும் செய்யும் எமக்கு அது மூன்றாவது முறைவேலை அல்லவா?

பிறகு ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒரு கிழமை முழுவதும் நேரத்தை எழுதினேன். கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். வேலைக்கும் பயணத்துக்கும் 50. நித்திரைக்கு 49. சமையல், தண்ணீர், துணி, அம்மாவின் கிளினிக் என்று 45. கோவில், நல்லது கெட்டது, சற்று ஆறுதல் எல்லாம் 15. மிச்சம் ஒன்பது. ஒரு பெட்டிக்கு ஒன்றரை மணித்தியாலம் தேவை. ஆகவே கிழமைக்கு ஆறு பெட்டிகள். 50 பெட்டிகளுக்கு எட்டுக் கிழமைக்கு மேல் வேண்டும். முதலே கணக்குப் பார்த்திருந்தால் மூன்று கிழமைத் தவணையை ஏற்றிருக்க மாட்டேன்.

இப்போது வேலையைப் பிரித்துச் செய்கிறேன். சாயம் காய்ச்சுவதும் நிறம் சேர்ப்பதும் ஞாயிறு பகல் வெளிச்சத்தில் மட்டும். ஓலை வார்வதற்கு அதிக கவனம் வேண்டாம்; மாலையில் அம்மாவோடு கதைத்தபடி வார்ந்துவிடுவேன். வார்ந்ததை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் இழைக்க வளைந்து கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். எனவே வெயில் காலத்திலேயே காயவைத்துச் சேமித்துக்கொள்கிறேன். அலுவலக நேரத்தில் ஓலையைத் தொடுவதில்லை; தொலைபேசியில் வரும் ஓடர்களுக்கு மதிய இடைவேளையில் பதில் சொல்கிறேன்.

விலையையும் திருத்தினேன். முன்பு ஓலைக்கும் சாயத்துக்கும் கணக்கு வைத்தேன். என் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் வைக்கவில்லை. எமது நேரத்துக்கு நாமே விலை வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள்? வாங்க வருபவரிடம் பாதி முற்பணம் கேட்கிறேன். வரப்போகும் ஓடரை நம்பி நுண்கடன் எடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டில் உதவி கேட்பதுதான். தம்பியிடம் கேட்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இப்போது கிழமையில் இரண்டு மாலை அவன் சோறு வடிக்கிறான், தண்ணீர் அள்ளுகிறான். முதல் நாள் சோறு குழைந்துபோனது, சாப்பிட்டோம்.

சகோதரிகளே, உங்கள் நிலை வேறாக இருக்கலாம். ஆடைத் தொழிற்சாலையில் முறைவேலை செய்பவருக்கு ஒன்பது அல்ல, நான்கு மணித்தியாலம்தான் மிஞ்சலாம். சிறு பிள்ளைகளோடு தனித்து நிற்பவருக்கு அதுவும் குறையலாம். நான்கு என்றால் நான்குக்கு உரிய வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். "இவ்வளவுதான் முடியும்" என்று சொல்வது தோல்வி அல்ல. ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். எழுதும்போது நித்திரையை முதல் வரியில் எழுதுங்கள்.

அந்தத் தாயிடம் மறுபடியும் போனேன். மகனின் கதையை முதலில் இருந்து சொன்னார். இம்முறை முழுவதையும் கேட்டேன்.